யார் எடுத்த படம்?

நுழையும்முன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். நொடிக்கொரு படம் அலைபேசியில் வந்து சேரும் இக்காலத்திற்கு அம்மொழி எத்துணைப் பொருந்தும் என்பதைத் தம் பள்ளிநாள் நிகழ்வொன்றின் வழியே கூறுகிறார் கட்டுரையாளர்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை. தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் வீடு. நண்பகலுக்குச் சற்றுமுன் கூடத்து மின்விசிறி ஊசலாடியது. அனைவரும் படியிறங்கி ஓடினோம். நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் நடுங்கியது எனப் பின்னர் அறிந்தோம். எங்களுக்கு அது சில நொடி அச்சம். அங்கோ ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர்.

சில நாள்களில் அப்பாவின் அலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சிறுவன் ஒருவன் தன்னினும் சிறிய பெண்குழந்தையை இறுகத் தழுவியிருந்தான். அக்குழந்தையின் முகத்தில் அச்சம். நேபாள நிலநடுக்கத்தில் இரண்டு வயதுத் தங்கையைக் காக்கும் நான்கு வயது அண்ணன் என்றது உடன்வந்த செய்தி. என் தம்பிக்கும் அப்போது வயது நான்கு. அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் அப்படத்தை அச்சிட்டு, பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் ஒட்டி, வீடுவீடாகச் சென்றேன். படத்தைக் கண்டோர் எவரும் மறுக்கவில்லை. எங்கள் வாயிற்காவலர் மாமா, நிலநடுக்கம் மையங்கொண்ட கோர்க்கா மாவட்டத்தவர். அவர் படத்தை நெடுநேரம் நோக்கினார். பின் ஐம்பது ரூபாயை மடித்துப் பெட்டியிலிட்டார்.

மாலையில் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "இதை எடுத்தவர் யாரம்மா? எந்த ஊரில்? எந்த நாளில்?"

மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. சொற்களுக்கு மாறாகப் படத்தையே இட்டு இணையத்தில் தேடும் முறையை அப்பா காட்டினார். அதே படம் வேறு பக்கங்களிலும் இருந்தது. ஓரிடத்தில் அவர்கள் மியான்மர் நாட்டு அநாதைகள். மற்றோரிடத்தில் சிரியப் போரால் துயருற்றவர்கள். சில பக்கங்கள் நிலநடுக்கத்திற்கு முந்தையவை. நாளை நேரப்போகும் துயரை நேற்றே எவரும் படமெடுக்க இயலாதன்றோ? பெட்டியை மூடிவைத்தேன்.

பொய் அன்றே புலப்பட்டது. மெய் புலப்படச் சில நாள்கள் ஆயின. மே மாதத் தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது. வியட்நாமியப் புகைப்படக் கலைஞர் நா சோன் நுயென், 2007 அக்டோபரில், ஹா ஜியாங் மாகாணத்துக் கான் டி என்னும் சிற்றூரில் எடுத்த படம் அது. பெற்றோர் வயலில் உழைக்க, ஹமோங் இனக் குழந்தைகள் இருவர் வீட்டின்முன் விளையாடிக்கொண்டிருந்தனர். அயலாரைக் கண்டு சிறுமி அழுதாள். சிறுவன் அணைத்துத் தேற்றினான். அவ்வளவே. அவள் அஞ்சியது நிலநடுக்கத்திற்கன்று, படமெடுக்க வந்தவருக்கே.

"பணம் நேபாளத்திற்குத்தானே போகிறது? படம் எதுவானால் என்ன?" என்றார் அம்மா. எனக்கும் அவ்வாறே எண்ணத் தோன்றியது. ஆயினும், மடித்திட்ட அந்த ஐம்பது ரூபாய் என்னை உறுத்தியது.

கீழிறங்கிச் சென்று காவலர் மாமாவிடம் அனைத்தையும் கூறினேன். சினப்பார் என அஞ்சினேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு இந்தியில், "என் அக்காள் மகளுக்கும் இரண்டு வயதுதான், மகளே. வீடு விழுந்துவிட்டது. வயலில் தார்ப்பாயின்கீழ் உறங்குகிறாள். அவளை யாரும் படமெடுக்கவில்லை" என்றார்.

அன்றே படத்தைக் கிழித்தெடுத்தேன். அவ்விடத்தில், அவர் கூறியதை அவர் ஒப்புதலோடு எழுதி ஒட்டினேன். மீண்டும் ஒவ்வொரு கதவையும் தட்டி, முன்பு காட்டிய படம் தவறானது என்றேன். ஒருவர் தம் இருபது ரூபாயைத் திரும்பக் கேட்டுப் பெற்றார். வேறிருவர் மேலும் நூறு ரூபாய் தந்தனர். படத்தைப்போல எழுத்து எவரையும் உடனே உருக்கவில்லை. நின்று படிக்க வேண்டியிருந்தது.

இன்றும் நெஞ்சை உலுக்கும் படம் ஒன்று வந்தால், பகிருமுன் அப்பாவின் மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்க்கிறேன். பொய்ப்படத்திற்காக நாம் சிந்தும் கண்ணீர், எங்கோ தார்ப்பாயின்கீழ் உறங்கும் மெய்யான குழந்தைக்கு உரியது.

சொற்பொருள்
மாண்டனர் – இறந்தனர்
அயலார் – வேற்றூரார்
தேற்றினான் – ஆறுதல் அளித்தான்

சிந்தித்து எழுதுக
1. படம் நேபாளத்தில் எடுக்கப்பட்டதன்று என்பது எவ்வாறு புலப்பட்டது?
2. அம்மாவின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.