எண்ணெய் வைக்காத தலை

சென்ற வருஷம் ஒரு நாள் என் தங்கை மாயவரத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கைப்பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அண்ணா, தலையிலே கரண்டு வைப்பாளாமே, நிஜமா?" என்றாள்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதுப் பெண். இரண்டு தடவை நினைவு தப்பி விழுந்து, கை கால் இழுத்துக்கொண்டுவிட்டது. முதல் தடவை வீட்டுச் சமையலறையில். அண்டை வீட்டார் ஓடி வந்து, வழக்கப்படி சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். (இழுப்பு பெரும்பாலும் ஓரிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும், பெருமை மட்டும் சாவிக்குப் போய்விடும்.) இரண்டாம் தடவை கல்லூரியில், நாற்பது பேர் பார்க்க. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, ஈ.ஈ.ஜி. எடுத்து வரும்படி எழுதியிருந்தார்.

நான் விசாரித்து ஒரு பரிசோதனை நிலையத்தில் நாள் குறித்தேன். டெலிபோனில் பேசிய பெண் நிபந்தனைகளை அடுக்கினாள். தலையை நன்றாக அலசிக் குளித்து வர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கே கூடாது. பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிடலாம். ஆனால் காப்பி கூடாது. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. முந்தின இரவு பாதித் தூக்கத்தோடு எழுந்துவிட வேண்டும். களைப்பில் கண் அயரும்போதுதான் மூளையின் கோளாறு வெளியே தலை காட்டுமாம்.

எண்ணெய் விஷயம் ஒரு யுத்தமாகவே முடிந்தது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலை எண்ணெயின்றி விடுவது என் தங்கையைப் பொறுத்தவரை அமங்கலம். தூக்கத்தைக் கெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கதை சொல்லியே அந்தப் பெண்ணை விழித்திருக்க வைக்கலாமென்று, எழுதிக்கொண்டிருந்த நாவலை எடுத்துப் படித்தேன். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவள் தலை ஆடத் தொடங்கியது. அப்புறம் சீட்டுக்கட்டுதான் கை கொடுத்தது.

மறுநாள் காலை, பணம் கட்டும் ஜன்னலுக்குப் போகும் வழியில் தங்கை என்னைத் தூணோரம் இழுத்தாள்.

"அண்ணா, ரசீதிலே வேறே பெயர் போட்டுடலாமா? நாளைக்கு வரன் வீட்டுக்காரா யாராவது..."

சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. 1999-ஆம் வருஷம் வரையில் இந்து விவாகச் சட்டத்திலேயே, திரும்பத் திரும்ப வரும் வலிப்பு விவாகத்துக்குத் தடை என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் அந்த வார்த்தையை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து நீங்கியது ஜனங்கள் மனத்திலிருந்து நீங்கவில்லை. பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தே பிழைக்கிறவன் நான்; ஒரு பொய்ப் பெயர் நாக்கின் நுனி வரை வந்தும் விட்டது. அதற்குள் அந்தப் பெண் எங்களைத் தாண்டிப் போய், தன் பெயரை இனிஷியலோடு ஜன்னலில் சொல்லிவிட்டாள்.

கட்டணம் 1,800 ரூபாய். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதைவிட மிகக் குறைவாகவோ, காசே இல்லாமலோ ஆகிவிடும். ஆனால் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: செலவு அந்த 1,800-உடன் நிற்காது. நரம்பு டாக்டரின் பீஸ், ரயில், ஆட்டோ எல்லாம் சேர்ந்து இரண்டு மடங்காயிற்று. இரவு முழுவதும் வீடியோவோடு எடுக்கும் பரிசோதனையென்றால் அது பல மடங்கு.

உள்ளே வலி என்று எதுவும் இல்லை. ஒரு பையன் நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, இருபது சொச்சம் கம்பிகளை ஒட்டினான். "கரண்டு குடுக்கறதில்லேம்மா. உங்க பொண்ணுதான் எங்களுக்குக் குடுக்கறாங்க" என்றான். கொடுப்பதும் எவ்வளவு? ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டு அளக்க வேண்டிய அளவு! கண்ணை மூடு, திற என்றான். மூடியபோது திரையில் சீராக ஓடிய அலை, திறந்ததும் கலைந்தது. மூன்று நிமிஷம் வேகமாக மூச்சு வாங்கச் சொன்னான். பிறகு முகத்துக்கு நேரே ஒரு விளக்கு படபடவென்று மின்னியது. இழுப்பைத் தூண்டிப் பார்ப்பதும் அதில் அடக்கம் என்று அவன் முன்பே சொல்லியிருந்ததால், தங்கையின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. ஒன்றும் நேரவில்லை. பெண் தூங்கிப்போனாள்.

இந்த அலைகளை மனிதத் தலையிலிருந்து 1924-ல் முதலில் பதிவு செய்தவர், ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி வந்தது: தொலைவிலிருந்த சகோதரி, அவருக்கு ஏதோ ஆபத்து என்று பதறினாளாம். மனத்திலிருந்து மனத்துக்கு எது போகிறது என்று தேடித்தான் அவர் மூளையில் கை வைத்தார். அது கிடைக்கவில்லை, இது கிடைத்தது.

முடிவில் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. தங்கை கும்பிட்டாள். "அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா, டாக்டர்?"

"அரை மணி நேரம் வானத்தைப் பார்த்தோம், மின்னல் அடிக்கவில்லை. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதாம். இரண்டு தடவை விழுந்தது விழுந்ததுதான். மாத்திரை தொடர வேண்டும்.

அன்று மாலை தங்கை தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, மகள் கூந்தலில் காய்ந்திருந்த பசையைச் சீப்பால் எடுத்தாள். வெகுநேரம் பேசவில்லை.

"வரவா கிட்டே இதை எப்படிடீ சொல்றது?" என்றாள் கடைசியில்.

"நீ சொல்லவேண்டாம்மா. நானே சொல்லிக்கறேன்" என்றாள் பெண். "மாமா, அந்த ரசீதை எங்கிட்டக் குடுங்கோ."