எட்டு போட்டாச்சு... அப்புறம்?

தமிழ்நாட்டில் லைசென்ஸ் வாங்கின யாரையாவது பிடித்து "டெஸ்ட் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "எட்டு போட்டேன், காலை ஊனலை, பாஸ்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு ஆளை வண்டியோடு ரோட்டில் விடலாமா கூடாதா என்கிற பெரிய முடிவு தரையில் போட்ட ஒரு எட்டுக்குள் அடங்கிப் போயிருக்கிறது.

அதனால் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் அந்த எட்டைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேள்விகள் தப்பில்லை, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிடுவோம். யாரும் கேட்காத ஒரு கேள்வி கடைசியில் இருக்கிறது, அதுதான் மெயின் மேட்டர்.

"எட்டு போடறதுக்கு என்ன டிரிக்?"

டிரிக் எல்லாம் ஒன்றும் இல்லை. முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். இரண்டு நாள் சாயங்காலம் காலி கிரவுண்டில் சுற்றினால் யாருக்கும் வந்துவிடும்.

"எல்.எல்.ஆர் எடுத்த அன்னிக்கே டெஸ்ட் போகலாமா?"

முடியாது. எல்.எல்.ஆர் எடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும். அது 6 மாதம் செல்லும், அதற்குள் டெஸ்ட் கொடுத்துவிட வேண்டும். எல்.எல்.ஆருக்கான கேள்வித் தேர்வில் 60 சதவீதம் எடுத்தால் பாஸ் (இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு இது கனவு மார்க்!). வண்டி ஓட்டும் டெஸ்டில் ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை ஃபெயில் ஆனால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

"எல்.எல்.ஆர் இருக்கே, ஃப்ரெண்டை பின்னாடி உட்கார வச்சுட்டுப் போகலாமா?"

லைசென்ஸ் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லித் தருகிறவர் மட்டும்தான் பின்னால் உட்காரலாம். எல்.எல்.ஆர் வைத்திருக்கிற இரண்டு பேர் ஒரே பைக்கில் போனால் இரண்டு அரை லைசென்ஸ் சேர்ந்து ஒரு முழு லைசென்ஸ் ஆகிவிடாது.

"கியர் இல்லாத வண்டிக்கு 16 வயசு போதும்தானே?"

நிறைய வீடுகளில் நம்பிக்கொண்டிருக்கிற தப்பு இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 சொல்வது 50 சிசிக்கு மேல் போகாத வண்டியை. இன்றைக்கு விற்கிற ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 சிசி, 125 சிசி. ஊர்ப்பக்கம் இன்னும் "டிவிஎஸ் ஃபிஃப்டி" என்று கூப்பிடுகிற வண்டியின் இப்போதைய வாரிசான எக்ஸ்.எல். 100 கூட கிட்டத்தட்ட 100 சிசி. பேர்தான் ஃபிஃப்டி! ஆக நடைமுறையில் 18 வயதுதான் கணக்கு. பேட்டரி ஸ்கூட்டரில் மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கி.மீ.க்குக் கீழே இருந்தால் மட்டும் லைசென்ஸ் வேண்டாம்.

2019-ல் வந்த திருத்தத்தை வீட்டில் அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். 18 வயது ஆகாத பையனோ பெண்ணோ வண்டி ஓட்டி மாட்டினால் பொறுப்பு பெற்றோர் அல்லது வண்டி ஓனர் மேல் விழும். 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"ஆட்டோமேட்டிக் கார்ல கத்துக்கிட்டா கியர் கார் ஓட்டலாமா?"

சட்டப்படி ஓட்டலாம், லைசென்ஸ் ஒன்றுதான். ஆனால் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாமல் மேம்பால ஏற்றத்தில் சிக்னலில் நின்று பாருங்கள், பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் மிச்சப் பாடத்தை நடத்துவார்.

"லைசென்ஸை போன்ல காட்டினா போதுமா?"

போதும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டில் இருப்பதையும் 2018-லிருந்து அசல் மாதிரியே ஏற்க வேண்டும். போனில் எடுத்து வைத்த சாதா போட்டோ செல்லாது.

"ஹெல்மெட் இல்லாம போனா எவ்வளவு?" 1,000 ரூபாய். "லைசென்ஸ் இல்லாம?" 5,000 ரூபாய். "தண்ணி போட்டுட்டு?" 10,000 ரூபாய் வரை, கூடவே ஜெயிலும் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இந்தப் புதிய அபராதம்தான்.

இதுவரை வந்த கேள்விகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பாதி இன்ஸ்பெக்டரைப் பற்றி, பாதி போலீஸைப் பற்றி. பாஸ் ஆவேனா, மாட்டுவேனா, எவ்வளவு கட்டணும். எதிரில் வருகிற ஆளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை!

ஆனால் டிராஃபிக் விதிகள் எழுதப்பட்டிருப்பதே எதிரில் வருகிற ஆளுக்காகத்தான். நாலு உதாரணம்.

ரவுண்டானா. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. வெளியிலிருந்து வருகிறவர் நிற்க வேண்டும். நம் ஊரில் ஹாரன் பெரிதாக இருக்கிறவருக்கு முதல் உரிமை.

சிக்னல் இல்லாத சந்திப்பு. மெயின் ரோட்டில் போகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இரண்டுமே ஒரே மாதிரி ரோடு என்றால் வலது பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும்.

மஞ்சள் விளக்கு. "சீக்கிரம் போயிடு" என்று அர்த்தம் இல்லை. "நில்" என்றுதான் அர்த்தம். பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும் கடந்து போகலாம்.

நேராகப் போக ஹசார்ட் லைட். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஜங்ஷனைத் தாண்டுவது பலரின் பழக்கம். இடது பக்கம் நிற்கிறவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். அவர் "இந்த ஆள் இந்தப் பக்கம் திரும்பப் போறான்" என்று நினைத்துக் கிளம்புவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். ஹசார்ட் விளக்கு, நின்றுபோன வண்டிக்கு.

சரி, இப்போது கேட்கப்படாத அந்தக் கேள்வி.

"நான் ஓட்டற வேகத்துல, பிரேக் அடிச்சா வண்டி எவ்வளவு தூரம் தள்ளி நிக்கும்?"

டெஸ்ட் எடுக்கிற மோட்டார் வாகன ஆய்வாளரை நம் மக்கள் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் பிரேக் பிடிக்கத் தெரியுமா என்பதைத்தான் எட்டு காட்டாது. அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் டெஸ்டுக்கான பட்டியலிலேயே சொல்கின்றன. ஆனால் எட்டுக்குள் வண்டி போவது ஆள் நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தில் எல்லாருமே நல்ல டிரைவர்தான்.

கணக்குக்குப் பெரிய புத்தகம் வேண்டாம், பிளஸ் ஒன் இயற்பியல் போதும். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். ரோடு காய்ந்திருக்கிறது, டயர் புதுசு, பிரேக் நல்ல பிரேக், ஒவ்வொரு நொடிக்கும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் குறைகிறது. இப்படிப் போட்டால் வருவது:

40 கி.மீ. வேகத்தில் சுமார் 20 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில் சுமார் 37 மீட்டர்.
80 கி.மீ. வேகத்தில் சுமார் 57 மீட்டர்.
100 கி.மீ. வேகத்தில் சுமார் 83 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. 40-க்கு 20 மீட்டர், 80-க்கு 57. பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வருகிற வினை இது.

இதை இன்னொரு விதமாகப் பார்த்தால்தான் உறைக்கும். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60, இன்னொன்று 80. முன்னால் 37 மீட்டரில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு வருகிறது. இரண்டு டிரைவர்களும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், ஒரே நொடியில் பிரேக் அடிக்கிறார்கள். 60-ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். 80-ல் வந்த கார் அதே இடத்தைத் தாண்டும்போது எவ்வளவு வேகத்தில் இருக்கும்? கேட்டால் பலரும் சொல்வது "20 இருக்கும்". கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 60 கி.மீ.! முதல் நொடியிலேயே அது 22 மீட்டர் ஓடிவிட்டது. மிச்சம் இருக்கிற 15 மீட்டரில் பிரேக்கால் குறைக்க முடிந்தது அவ்வளவுதான்.

இது காய்ந்த ரோட்டில். மழை, மணல், தேய்ந்த டயர், கையில் போன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

"முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று பயமுறுத்திச் சொல்லித் தருகிறவர்கள் நிறைய. பாதிதான் உண்மை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பைக்கை நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி வெகு தூரம் போய்த்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்து, வண்டி நேராக இருக்கும்போது, வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். இதை யாராவது ஒரு மணி நேரம் கிரவுண்டில் சொல்லித் தந்தால் நூறு எட்டுக்குச் சமம்.

கார் வாங்குகிறவர்களின் கேள்விகளும் இதே ரகம்தான். "எந்த மாடல் நல்லது? மைலேஜ் என்ன? ரீசேல் இருக்கா?" இதற்கெல்லாம் ஷோரூமிலேயே பதில் கிடைக்கும். மோதினால் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார். அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு சோதித்தபோது 4 ஸ்டார் கிடைத்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே தனிச் சோதனை வந்துவிட்டது.

முதல் கார் பலருக்கும் செகண்ட் ஹேண்ட் கார்தான். டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில். புது மாடல்களில் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமானது 2021 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி என்றால் ஏர்பேக் இருக்கிறதா, ஏ.பி.எஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஏ.பி.எஸ் இருந்தால் வண்டி உடனே நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. அது முக்கியமாகச் செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது, அதனால் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பலாம். மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும்.

"ஏர்பேக் இருக்கே, பெல்ட் எதுக்கு?" ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை மட்டும்தான். பெல்ட் போடாமல் முன்னால் பாய்கிற முகத்தை, வெடித்து விரிகிற பை எதிரே வந்து அறையும். "பின் சீட்டுக்குமா?" ஆமாம், பின் சீட்டுக்கும் சட்டப்படி கட்டாயம். 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன கார் மும்பை செல்லும் வழியில் பாலத்தின் தடுப்பில் மோதியது. முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்கு சராசரியாக 49 பேர். தினம் ஒரு டவுன் பஸ் நிறைய! ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,029 பேர். சாவுகளில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். பலருடைய பர்சிலும் லைசென்ஸ் இருந்திருக்கும். எட்டும் நன்றாகத்தான் போட்டிருப்பார்கள்.

காசு செலவில்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. முன்னால் போகிற வண்டி ஏதாவது ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று மனசுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் ரொம்பக் கிட்டே போகிறீர்கள் என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்துத் தள்ளி வாருங்கள். மழையில் நாலு வரை எண்ணுங்கள்.

அடுத்த மாதம் டெஸ்டுக்குப் போகிற நண்பர்கள் எட்டை நன்றாகப் பழகுங்கள், பாஸ் ஆகுங்கள், வாழ்த்துகள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலி கிரவுண்டுக்கு மறுபடி போங்கள், கூடவே நன்றாக ஓட்டத் தெரிந்த ஒரு அண்ணனைக் கூட்டிக்கொண்டு. ஒரு கல்லை வைத்து, முதலில் 20, பிறகு 30, பிறகு 40 வேகத்தில் வந்து அந்தக் கல்லுக்கு நேரே பிரேக் பிடியுங்கள். நின்ற இடத்திலிருந்து கல் வரைக்கும் காலடி வைத்து எண்ணிப் பாருங்கள். 40-க்கு வந்த எண்ணிக்கையை மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும். 80-க்கு அதைப்போல நாலு மடங்கு என்று கணக்கு சொல்லிவிடும், அதை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.