அத்தான் கையில் ஓர் ஆறு!

கையில ஓடுற ரத்தக்குழாய் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா? பாடப்புத்தகப் படம் அப்படித்தான் சொல்லும். மேல்கையில் ஒரு பெரிய தமனி இறங்கும்; முழங்கைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரியும். ஒன்று கட்டைவிரல் பக்கம், இன்னொன்று சுண்டுவிரல் பக்கம். கட்டைவிரல் பக்கத்துக் குழாயில்தான் டாக்டரும் சித்த வைத்தியரும் நாடி பிடிக்கிறார்கள். (1964-ல் சித்த மருத்துவக் கல்லூரி, 1965-ல் ஆங்கில மருத்துவக் கல்லூரி என்று இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்த ஊர் எங்கள் பாளையங்கோட்டை!)

ஆனால், கை என்ன படத்தைப் பார்த்தா வளருது? 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் 384 கைகளை அறுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒரு கையில் நாடிக்குழாய் முழங்கைக்கு மேலேயே பிரிந்திருந்தது! தாமிரபரணிக்காரனுக்கு இதில் அதிசயமே இல்லை. பாளையங்கால்வாய் பழவூர் அணையில் பிரிகிறது. நெல்லைக் கால்வாய் சுத்தமல்லியில். எங்கே பிரிந்தால் என்ன, வயலுக்குத் தண்ணீர் வந்தால் சரி!

வில்லங்கம் வேறு இடத்தில். நூற்றுக்கு நாலு கையில் சுண்டுவிரல் பக்கக் குழாய் தசைக்கு அடியில் போகாமல், மேலாகவே ஓடுகிறது. எங்கள் அத்தானுக்கு அப்படி. பேங்க் கேஷியர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸம்மா பட்டையைக் கட்டித் தட்டியதும், முழங்கை மடிப்பில் கயிறு மாதிரி ஒரு நரம்பு! "பார்த்தீங்களாம்மா, எப்படி!" என்று அத்தானுக்கு ஒரே பெருமை.

ஊசியை எடுத்த நர்ஸம்மா, பட்டையைத் தளர்த்தி விரல் வைத்துப் பார்த்தார்.

"சார்... இது துடிக்குதே!"

சிரை துடிக்காது, தமனிதான் துடிக்கும். சிரையில் ஏற்றும் மருந்து இதயத்துக்குப் போய், ரத்தத்தில் கலந்து பரவும். தமனியில் ஏறினாலோ நேரே விரல்களுக்கு! சில மருந்துகளுக்கு விரல் கறுத்து, எடுக்க வேண்டிய நிலைகூட வரும். ஸ்கேனில் தமனிதான் என்று உறுதியானது. டிரிப்ஸ் மறு புறங்கைக்குப் போனது.

முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஆழத்தில் துடிப்பது எல்லாருக்கும் உள்ளதுதான், பயப்படாதீங்க. தோலுக்கு அடியிலேயே புடைத்துத் துடித்தால், ஊசி போட வருபவரிடம் சொல்லிடுங்க.

அத்தான் இன்றும் பத்து விரலோடு நோட்டு எண்ணுகிறார். எச்சில் தொட்டு எண்ணுவதைத்தான் எந்த டாக்டராலும் நிறுத்த முடியலை!