கட்டுத்தரையில் நின்ற எஸ்டீம்

மூணு நாள் மழை. சோளத்தட்டு நனைஞ்சு கிடக்கறதால இன்னைக்குக் காட்டில் வேலை இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன். இது ஒரு பழைய காரைப் பத்தினது. ஆனா தண்ணியை விட்டுட்டு இந்தக் காரைப் பத்திப் பேச என்னால முடியாதுங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க தோட்டம் ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யல் ஓரமா இருக்கு. கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பக்கத்துல ஒரு மாருதி எஸ்டீம் பதினொரு வருஷம் நின்னுச்சு. 2002 மாடல், வெள்ளி நிறம். எங்க அண்ணனோட வண்டி.

எஸ்டீம்னா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பேர் மாருதியா இருந்தாலும் வண்டி ஜப்பான் சுசூகியோடது. அந்த ஊர்ல அதுக்குக் கல்டஸ்னு பேர். நம்ம நாட்டுக்கு 1990-ல மாருதி 1000-ஆ வந்துச்சு. 1994-ல 1300 சிசி இன்ஜின் போட்டு எஸ்டீம் ஆச்சு. அண்ணன் வாங்கினது 16 வால்வு, 85 குதிரைசக்தி. இதெல்லாம் இப்போ பெரிய கணக்கில்லை. ஆனா வண்டியோட எடை 900 கிலோவுக்கும் கம்மி. அதனால மிதிச்சா பறக்கும். ரேஸ் பசங்க இன்னைக்கும் இதைத் தேடிப் பிடிச்சு வாங்கறது அதுக்குத்தான்.

அண்ணன் இதை வாங்கினது சாயப்பட்டறை காசுல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஏர் ஓட்டினவங்க. தொண்ணூறுகள்ல பனியன் தொழில் ஏறுமுகமா இருந்தப்போ அவர் திருப்பூருக்குப் போனார். முதல்ல ரெண்டு பேர்கூடப் பங்கு, அப்புறம் சொந்தமா ஒரு சின்னப் பட்டறை. பருத்தித் துணியில சாயம் பிடிக்கணும்னா உப்பு வேணும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறம்னா மூட்டை மூட்டையா உப்பு போகும். துணி சாயத்தை வாங்கிக்கும், உப்பை வாங்காது. அது அப்படியே தண்ணியோட வெளிய வந்துரும். அன்னைக்கு அந்தத் தண்ணி போன இடம் நொய்யல்.

நொய்யல் ஓரத்துல இருந்த எங்க கிணறு உப்பாச்சு. சோறு வடிச்சா மஞ்சளா வரும். மாடு மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கும். மண்ணு மேல வெள்ளையா பூத்து நிக்கும். தென்னையில குருத்து கருகி, காய் சிறுத்துப்போச்சு. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்கற குட்டையாப் போச்சு.

2003-ல பொங்கலுக்கு அண்ணன் புது எஸ்டீம்ல வந்து இறங்கினார். "தம்பி, ஒரு ரவுண்டு போலாம் வா"ன்னார். நான் ஏறலை. "இந்த வண்டி எங்க கிணத்துல இருந்து வந்துச்சுங்ணா"ன்னு சொன்னேன். அவர் முகம் செத்துப்போச்சு. "எல்லாரும் பண்றாங்க தம்பி. நான் ஒருத்தன் நிறுத்தினா ஆறு சரியாயிருமா?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் எட்டு வருஷம் எங்களுக்குள்ள பேச்சில்லை. நல்லது கெட்டதுக்கு வருவார், அம்மாவைப் பாப்பார், போயிருவார்.

2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. நூத்துக்கணக்கான பட்டறை ஒரே மூச்சுல நின்னுச்சு. கழிவுநீரை ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கற வசதி பண்ணினவங்க பின்னாடி திறந்தாங்க. எங்க அண்ணன் மாதிரி சின்ன ஆளுங்களுக்கு அந்த முதலுக்கு வழியில்லை. மிஷின் எல்லாம் இரும்பு விலைக்குப் போச்சு. வீடு போச்சு. வாடகை வீட்டுல காரை நிறுத்த இடமில்லை. ஒருநாள் பொழுதோட ஓட்டிட்டு வந்து, "தம்பி, ஒரு மாசத்துக்கு இங்க நிக்கட்டும்"ன்னார். எட்டு வருஷம் கழிச்சு என்கிட்டப் பேசின முதல் பேச்சு அது. "நிக்கட்டுங்ணா"ன்னேன். நானும் வேற எதுவும் பேசலை.

வண்டி நின்னது நின்னதுதான். 2020-ல அண்ணன் தவறிட்டார். நாங்க கடைசி வரைக்கும் உக்காந்து பேசவே இல்லைங்க. அப்புறம் ஒருநாள் பழைய இரும்பு வியாபாரி வந்து வண்டிக்கு 22,000 சொன்னான். நாளைக்கு வாப்பான்னேன். மறுநாள் அவன் போன் பண்ணினப்போ நான் எடுக்கலை. ஏன்னு கேட்டா இன்னைக்கும் என்கிட்டப் பதில் இல்லை.

2022 ஆவணியில அண்ணன் மகன் வந்தான். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை. "சித்தப்பா, அப்பா வண்டிய ரெடி பண்ணலாமா?"ன்னு கேட்டான். பாக்கலாம் கண்ணுன்னு ரெண்டு பேரும் தார்ப்பாயை உருவினோம். சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு. ஒயரிங் பாதியைக் கடிச்சிருக்கு. மாட்டு மூத்திர ஈரம் பதினொரு வருஷம் அடிச்சதுல கதவோட அடிப்பாகமும் பின் சக்கர வளைவும் பப்படமா நொறுங்குது. மேட்டைத் தூக்கினா தரைத்தகடு ஓட்டை வழியா கட்டுத்தரை மண்ணு தெரியுது.

இன்ஜின் இறுகியிருக்குமோன்னு பையன் பயந்தான். அது மட்டும் எனக்குத் தெரிஞ்ச வேலை. கரண்ட் வர்றதுக்கு முந்தி எங்க கிணத்துல ஆயில் இன்ஜின்தான். ரொம்ப நாள் நின்ன இன்ஜினை எடுத்தவுடனே செல்ஃப் அடிக்கக்கூடாது, பிஸ்டன் ரிங் சிலிண்டரைக் கீறிப்போடும். நாலு பிளக்கையும் கழட்டி, ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு, மூணு நாள் ஊறவிட்டோம். நாலாம் நாள் கிராங்க் போல்ட்டுல ஸ்பானரைப் போட்டு மெதுவா அமுக்கினேன். முதல்ல அசையலை. அப்புறம் பெருமூச்சு விடற மாதிரி ஒரு சத்தம் வந்து, சுத்துச்சு. பையன் கண்ணு கலங்கிருச்சு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டற சாக்குல அந்தப் பக்கம் போயிட்டேன்.

அப்புறம் காங்கயம் ரோட்டுல ஒரு பழைய மெக்கானிக்கிட்ட வண்டியை டோ பண்ணிக் கொண்டுபோனோம். கம்ப்ரெஷன் பாத்தார், நாலு சிலிண்டரும் ஏறக்குறைய சமம். பெட்ரோல் டேங்கைத் திறந்தா கெட்டுப்போன பெட்ரோல் கோந்து மாதிரி ஒட்டியிருக்கு. பம்ப் போச்சு. இன்ஜெக்டரை சுத்தம் பண்ணி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாம் மாத்தினார். எஸ்டீம் தயாரிப்பு நின்னு எவ்வளவோ வருஷம் ஆனதால, கிடைக்காத சாமானுக்குப் பையன் ஞாயித்துக்கிழமை ஆனா கோயமுத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடைகளை அலசுவான்.

ரேடியேட்டரைப் பிரிச்ச அன்னைக்கு மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்ணா, இதுக்கு எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"ன்னு கேட்டார். உள்ள குழாய் முழுக்க வெள்ளையா ஓடு கட்டியிருக்கு. எங்க மண்ணு மேல பூத்து நிக்கும்னு சொன்னேன் பாருங்க, அதே வெள்ளை.

எனக்கு ஞாபகம் வந்துருச்சு. பேச்சில்லாத அந்த வருஷங்கள்ல ஒரு பொங்கல். வாசல்ல வந்து நின்ன வண்டி கொதிச்சு ஆவி விட்டுச்சு. ரேடியேட்டர்ல ஒழுகல். அண்ணன் குடத்தை எடுத்துப் போய் எங்க கிணத்துத் தண்ணியை மொண்டு ஊத்தினார். அதுக்கப்புறம் வந்தப்பெல்லாம் ஊத்தினார். அந்தத் தண்ணி வண்டிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஊட்டுக்குள்ள குடிக்க வாங்கின நல்ல தண்ணி கேன்ல இருந்துச்சு. நான் திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அது என்ன தண்ணின்னு அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. அதையெல்லாம் நெனைச்சுக்கிட்டு மெக்கானிக்கிட்ட, "கிணத்துத் தண்ணிங்க"ன்னு மட்டும் சொன்னேன். புது ரேடியேட்டர் போட்டோம்.

அடுத்து வந்துச்சு சண்டை. பையனுக்கு வண்டி பழையபடி ஓடினாப் பத்தாது. சுசூகி பலேனோன்னு ஒரு வண்டி முன்னாடி வந்துச்சு, 1600 சிசி. எஸ்டீம் இன்ஜினும் அதுவும் ஒரே குடும்பம். அதனால அந்த இன்ஜினை இதுல இறக்கறது ரேஸ் பசங்களுக்குப் பழக்கம். உக்கடத்துல ஒண்ணு பாத்து விலையும் பேசிட்டான். அது போக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தணும், சைலன்சர் சத்தமா இருக்கணும். நான் முடியாதுன்னேன். ஆர்.சி.யில இருக்கற இன்ஜின் நம்பர் வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சு. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான்.

"எல்லாரும் பண்றாங்க சித்தப்பா"ன்னான்.

எனக்கு அடிவயித்துல சுருக்குன்னுச்சு. "உங்கப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னாரு"ன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பன் இல்லாத பையன். எழுந்து போயிட்டான். ரெண்டு வாரம் வரலை. நங்கையாவுக்கு (அண்ணன் சம்சாரத்தை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் பண்ணினேன். "சாப்பிடறான், வேலைக்குப் போறான், பேச மாட்டேங்கறான்"னாங்க.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பரோட வந்தான். "இன்ஜின் அதே இருக்கட்டும். இதுல எதெது ஆகும்னு சொல்லுங்க சித்தப்பா"ன்னான். ரெண்டு பேரும் மெக்கானிக்கிட்டப் போய் உக்காந்தோம். அவர் ஒண்ணு சொன்னார்: "ஓடற வண்டி அழகு இல்ல தம்பி, நிக்கற வண்டிதான் அழகு. மொதல்ல பிரேக்கு." அதனால முன் டிஸ்க், பேடு, ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு. கொஞ்சம் இறுக்கமான ஷாக் அப்சார்பர். 13 அங்குல வீலுக்குப் பதிலா 14 அங்குல அலாய். டயர் 175/70-க்குப் பதில் 185/60. டயர் உயரம் குறைஞ்சு வீல் பெருசானதால மொத்த விட்டம் கிட்டத்தட்ட பழசுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே போட்டதுல வெளிச்சம் நல்லா வந்துச்சு. சத்தம் பழைய சத்தமே. வேகமா ஓட்டணும்னு ஆசை வந்தா அதுக்குன்னு கோயமுத்தூர்ல செட்டிபாளையம் ட்ராக் இருக்கு. மாருதி 800 இன்ஜினை வெச்சு ரேஸ் கார் கட்டின கரிவரதன் பேர்ல 2003-ல வந்தது. ஒருநாள் என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினான். சத்தத்துல காது அடைச்சுப்போச்சு, ஆனா பசங்க அங்க ரோட்டைக் கெடுக்கலை.

கணக்கையும் சொல்லிடறேன், உங்களுக்கும் யாருக்காவது ஆசை இருக்கலாம். டிங்கரிங், பெயிண்ட் 85,000. இன்ஜின், ரேடியேட்டர், ஒயரிங் 48,000. பிரேக், சஸ்பென்ஷன் 37,000. வீல், டயர் 30,000. ஆக ரெண்டு லட்சம். வித்தா ஒரு லட்சம் கூட வராது. இது போக வண்டி 15 வருஷம் தாண்டினதால எஃப்.சி., பதிவைப் புதுப்பிக்க அப்போ 5,000, பசுமை வரி, தாமதக் கட்டணம் எல்லாம் தனி. அண்ணன் பேர்ல இருந்ததை நங்கையா பேருக்கு மாத்தற வேலையும் இருந்துச்சு. பையன் சீட்டு எடுத்தான். நான் ஒரு காளைக்கன்னு வித்த 40,000 கொடுத்தேன்.

வண்டி ரெடியான அன்னைக்கு முதல்ல நங்கையாவைத்தான் கூட்டிட்டு வந்தான். முன் சீட்டுல உக்காந்து டேஷ்போர்டைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அவங்களைத் தோட்டத்துல இறக்கிவிட்டுட்டு, "சித்தப்பா, ஏறுங்க"ன்னான். இருபது வருஷத்துக்கு முந்தி ஏறாத வண்டியில ஏறினேன். எங்க போறதுன்னு கேட்டான். ஒரத்துப்பாளையம் போலாம்னேன்.

அணை மேல நின்னோம். கொஞ்சமாத்தான் தண்ணி. கரையெல்லாம் சீமைக்கருவேலம். ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டான்: "அப்பா பட்டறைத் தண்ணி இங்கதான் வந்துச்சா சித்தப்பா?"

"உங்கப்பா தண்ணி மட்டும் இல்ல கண்ணு. ஆனா அவர் தண்ணியும் வந்துச்சு"ன்னேன். தலையாட்டினான். திரும்பி வர்ற வழியில 60-ஐத் தாண்டாம ஓட்டினான்.

எங்க கிணறு இப்போ முந்தியை விடத் தேவலை. நல்ல மழை பெய்ஞ்ச வருஷம் மாடு குடிக்குது. தென்னை கொஞ்சம் தேறியிருக்கு. நெல்லு இன்னும் வராது. காருக்கு ரெண்டு லட்சமும் எட்டு மாசமும் ஆச்சு. மண்ணுக்கு எவ்வளவு ஆகும்னு யாருக்குங்க தெரியும்.

வண்டி இப்போ திருப்பூர்ல பையனோட இருக்கு. ஞாயித்துக்கிழமை இங்க வருவான். வந்ததும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பாப்பான். நான் கடையில வாங்கின கூலன்ட் கேனைத் திண்ணையிலயே வெச்சிருக்கேன்.

சரிங்க, மாடு கத்துது. பால் கறக்கப் போகணும். அடுத்த தடவை சோளத்தட்டுப் போர் போடறதைப் பத்தி எழுதறேன்.