அம்பாசிடரும் அகல டயரும்

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன், இன்ஜினியரிங் முடித்தவன். வந்த அன்றே ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரைச் சுற்றிச் சுற்றி வந்தான். 1984 மாடல், மார்க் 4. நான் 1990-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "அப்பச்சி, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்ட வண்டி அது.

மறுநாள்தான் திட்டத்தைச் சொன்னான். பின் சக்கரங்களுக்கு நல்ல அகலமான டயர் போட வேண்டுமாம். செல்போனில் படங்கள் காட்டினான். அமெரிக்காவில் 1960-களிலும் 70-களிலும் ஓடிய மஸ்டாங், கமாரோ, பிளிமத் பாராகுடா, டாட்ஜ் சேலஞ்சர். எல்லாம் முரட்டு இன்ஜின் போட்ட கார்கள். அவற்றுக்கும் பின்னால் நம் அம்பாசிடர் போல ஸ்பிரிங் பட்டைதான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அகல டயர் போட்டால் டயரின் உள்பக்கம் பட்டையில் உரசும். அதனால் அங்கே பட்டையை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிப் பொருத்தி டயருக்கு இடம் உண்டாக்குகிறார்கள். மூன்று அங்குலம்வரை தள்ளுவார்களாம். அதற்கான பாகங்களே செட்டாக விற்கின்றனவாம்.

உரசும் என்று அவன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சொன்னால் வண்டி மேல் அவனுக்குள்ள ஆசையே போய்விடுமோ என்ற பயம். "நாமக்கல் போய் ஒரு மேஸ்திரியைக் கேட்டுக்கலாம் கண்ணு" என்றேன்.

நம் பக்கத்தில் பட்டை வேலைக்கு நாமக்கல்லை விட்டால் வேறு ஊர் ஏது? லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடு முழுவதும் பேர் வாங்கிய ஊர். சேலத்திலிருந்து ஒரு மணி நேரம். எனக்குத் தெரிந்த மேஸ்திரி நாற்பது வருடமாக லாரிப் பட்டை அடிக்கிறவர். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தச் சொல்லி, டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் இறங்கினார். வெளியே வந்ததும் பேரனிடம்தான் பேசினார்.

"அகலம் வேணும்னுதான் தம்பி லாரிக்காரன் ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயரு போட்டான். பட்டைய உள்ள தள்ளுலீங்க. வெளிய ஒரு டயரச் சேத்துனான். பட்டை எவ்வளவுக்கு அகட்டி நிக்குதோ அவ்வளவுக்கு வண்டி சாயாது. பஸ்ஸுல நின்னுட்டுப் போறப்ப நீங்க கால அகட்டி நிக்கறீங்களா, சேத்தி வெச்சு நிக்கறீங்களா?"

பேரன் உடனே செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டான். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே 40 அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு மூன்று அங்குலம் உள்ளே தள்ளினால் 34 ஆகிவிடும். வண்டி சாயாமல் பட்டை பிடித்து நிறுத்தும் பலம் இந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40-இன் வர்க்கம் 1600, 34-இன் வர்க்கம் 1156. நூற்றுக்கு 28 பங்கு போய்விடுகிறது. ஆறு அங்குலத்துக்கு இவ்வளவா என்று அவனுக்கே ஆச்சரியம்.

மேஸ்திரி விடவில்லை. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சேஸிஸ் கிடையாது. பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழியில் வந்தது. பாடியேதான் சேஸிஸ். பட்டையின் முன் கண் மாட்டியிருக்கும் இடத்தில் தகடு பலப்படுத்தியிருக்கும். பட்டை வண்டியின் எடையைத் தாங்க மட்டும் இல்லை. பின் சக்கரம் சுழலும்போது வண்டியை முன்னே தள்ளுவதே அந்தக் கண் வழியாகத்தான். பிரேக் பிடித்தால் இழுப்பதும் அங்கேதான். மூன்று அங்குலம் உள்ளே போனால் வெறும் தகடுதான் இருக்கும். அங்கே புதிதாகப் பலம் கொடுக்காமல் வெல்டு வைத்தால் ஒரு நாள் கிழியும்.

அத்துடன் முடியாது. ஆக்ஸில் ஹவுசிங்கில் பட்டை உட்காரும் மேடையை வெட்டி எடுத்து உள்ளே தள்ளி வெல்டு வைக்க வேண்டும். சூட்டில் ஹவுசிங் மயிரிழை வளைந்தாலும் பேரிங்கும் ஆயில் சீலும் தாங்காது. மேடையின் சாய்வு மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். ஒரு பக்கம் சற்று முன்னே, மறுபக்கம் சற்றுப் பின்னே என்று ஆகிவிட்டால் வண்டி நண்டு மாதிரிப் போகும்.

"அமெரிக்காவில் செய்கிறார்களே?" என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கே பிளிமத், டாட்ஜ் கார்களில் 440 கன அங்குல இன்ஜின் போட்டார்கள். நம் கணக்கில் 7.2 லிட்டர், 375 குதிரை சக்தி. அத்தனை பலத்தை ஒல்லி டயரில் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் அகல டயர் அவர்களுக்குத் தேவை. நம் வண்டி 1489 சிசி, சுமார் 50 குதிரை. அதைச் சுற்றவைக்கவே மழையும் சேறும் வேண்டும்!

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை கேட்டும் பையன் முகம் வாடித்தான் இருந்தது. அப்போதுதான் நான் முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

1993. வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று எனக்கும் ஆசை. வேறொரு காரின் அகல ரிம்மும் பெரிய பழைய டயரும் மலிவாகக் கிடைத்தன. பின்னால் மாட்டினேன். வெறும் வண்டியில் உரசவில்லை. ஒகேனக்கல் போய்க் குடும்பத்தோடு திரும்பினோம். ஆள் பாரம் ஏறி, வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் டயரின் உள்பக்கம் பட்டையில் தேய்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இடது பின் டயர் வெடித்தது. வண்டி ஆடி ஆடி, ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. பின்னாலேயே ஒரு பார லாரி. அந்த டிரைவர் புண்ணியவான், ஒதுக்கிக்கொண்டு போனார். என் மனைவியும் ஏழு வயது மகளும் பின் சீட்டில் இருந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. டயரைக் கழற்றியபோது உள்பக்கம் நூல் தெரிய, கத்தியால் கோடு போட்டதுபோல வட்டமாக அறுந்திருந்தது. ஆணி ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மனைவி போய்ச் சேரும்வரை அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.

"அந்த ஏழு வயசுப் பொண்ணு..." என்றான் பேரன்.

"உங்க அம்மாதான்."

அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரியிடம், "உரசாம எவ்வளவு பெரிய டயர் போடலாம் ஐயா?" என்று கேட்டான்.

ரிம்மை மாற்றாமல் அதிலேயே உட்காரும் ரேடியல் டயர், நாலு பேர் உட்கார்ந்த பிறகும் டயருக்கும் பட்டைக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்றார். பட்டை செட்டைக் கழற்றியபோது மூன்றாவது பட்டை உடைந்திருந்தது தெரிந்தது. மாற்றினோம். புஷ், ஷேக்கிள், யூ போல்ட் எல்லாம் புதிது. கொஞ்சம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி முடுக்கச் சொன்னார். முடுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் அவன்தான் ஓட்டினான். மேலே போனதும் இறங்கிக் குனிந்து, விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தான்.

இரவு மகள் போன் செய்தாள். பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

"ஏப்பா, அன்னைக்கு ஆணி ஏறிடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா கண்ணு."

"அம்மாகிட்டயும் அப்படியேதானா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி. உள்பக்கம் பாக்காம அவன் கையில சாவியக் குடுக்காதீங்க" என்றாள்.