அப்பா கட்டியது 216 அடி... மகன் ஏன் உயரத்தைக் குறைத்தான்? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு நாள் பயணம்!

"என்ன இருந்தாலும் அவங்க அப்பா மாதிரி வருமா?"

பேர் வாங்கிய அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். அந்த அப்பா ராஜராஜ சோழனாக இருந்தால்? ஊரில் தஞ்சைப் பெரிய கோயில் ஏற்கெனவே வானுயர்ந்து நிற்கும்போது, மகன் எதைக் கட்டிப் பேர் வாங்குவது?

ராஜேந்திர சோழன் சொன்ன பதிலைப் பார்க்க, தஞ்சாவூரிலிருந்து சுமார் 70 கி.மீ பயணம் செய்து அரியலூர் மாவட்டத்துக்கு வர வேண்டும்.

தலைநகரை மாற்றிய மகன்

1012-ல், அப்பா அரியணையில் இருக்கும்போதே ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கிடைத்துவிட்டது. 1014-ல் ஆட்சி முழுவதும் அவன் கைக்கு வந்தது. 1023 வாக்கில் அவன் படை வடக்கே சென்று கங்கை நீரோடு திரும்பியது. 'கங்கைகொண்ட சோழன்' என்ற பட்டம் வந்தது. அந்தப் பெயரிலேயே புதிய தலைநகரையும் உருவாக்கினான். 1025-ல் அவன் கப்பல்கள் கடாரம் வரை போய் வென்றன.

அப்பாவின் தஞ்சையிலேயே சுகமாக இருந்திருக்கலாம். ஆனாலும் கொள்ளிடத்துக்கு வடக்கே வந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினான். அதன்பிறகு சுமார் 250 ஆண்டுகள், சோழர் ஆட்சி முடியும் வரை, இதுதான் தலைநகர்.

இது குட்டித் தஞ்சையா?

தஞ்சை விமானம் 216 அடி, 13 நிலைகள். இங்கே சுமார் 180 அடி, 9 நிலைகள். அப்பா மீதிருந்த மரியாதையால்தான் மகன் உயரத்தைக் குறைத்துக்கொண்டான் என்பது இந்தப் பகுதியில் எல்லோரும் சொல்லும் கதை.

நேரில் பார்த்தால் இன்னொன்றும் புரியும். தஞ்சை விமானம் நேர்க்கோடுகளாக விறைப்பாக மேலே போகும். இங்கே விமானத்தின் விளிம்பு மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. அங்கே கம்பீரம், இங்கே நளினம். அப்பாவின் கோயிலை அப்படியே நகலெடுக்கவும் இல்லை, அதோடு போட்டி போடவும் இல்லை.

தஞ்சையில் நந்திக்குத் தனி மண்டபம் உண்டு. இங்கே நந்தி திறந்தவெளியில் படுத்திருக்கிறது. கருவறையில் இருப்பது சுமார் 13 அடி உயர லிங்கம். ஐப்பசி பௌர்ணமியில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து நடத்தும் அன்னாபிஷேகத்துக்குக் கூட்டம் அலைமோதும்.

வடக்கு வாசலில் ஓர் அப்பா - மகன் கதை

வடக்கு வாசல் படிக்கட்டு அருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சிவனும் பார்வதியும் அமர்ந்திருக்க, கீழே பணிந்திருக்கும் இளைஞனின் தலையில் சிவன் தன் கையாலேயே மாலையைச் சுற்றுகிறார். அந்த இளைஞன்தான் சண்டேசர்.

சண்டேசர் மாடு மேய்த்த சிறுவன். மணலில் லிங்கம் செய்து, பாலை ஊற்றிப் பூஜை செய்கிறான். பால் வீணாகிறதே என்று கோபப்பட்டு வந்த அப்பா, குடத்தைக் காலால் உதைக்கிறார். அந்தக் காலையே மகன் வெட்டிவிடுகிறான். அப்போது தோன்றிய சிவன், "இனி உனக்கு நானே தந்தை" என்கிறார்.

மாலை சூட்டப்படுவது ராஜேந்திரனுக்குத்தான் என்று கருதுபவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், புகழ்பெற்ற அப்பாவின் மகன் எழுப்பிய கோயிலில், அப்பாவை மீறிய மகனுக்கு முடிசூட்டும் காட்சியைப் பார்க்கும்போது சிலிர்க்கிறது!

மிச்சம் இருப்பது என்ன?

தஞ்சாவூர் இன்றும் பெரிய நகரம். மகனின் தலைநகரோ இப்போது சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில், அகழாய்வில் வெளிவந்த செங்கல் சுவர்கள் மட்டுமே இருக்கின்றன. கோயிலின் சுற்றுமதில் கற்களைக்கூட 1830-களில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள்.

வெற்றியின் நினைவாக அவன் வெட்டிய 'சோழகங்கம்' ஏரி மட்டும், பொன்னேரி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. வெற்றித் தூண் நடும் காலத்தில், இந்த ஏரியை 'நீரால் ஆன வெற்றித் தூண்' என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

ராஜேந்திரன் தன் மகனை நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். ஆட்சிக்கு வந்த நான்கே ஆண்டுகளில், 1018-ல், மகன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். 1044 வரை அப்பாவும் மகனும் சேர்ந்தே ஆண்டார்கள்.

எப்படிப் போவது?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், அணைக்கரை வழியாக வரலாம். அணைக்கரையில் நீங்கள் கடப்பதுதான் கோயில் கற்கள் போன அந்தக் கீழணை. திருச்சியிலிருந்து வருபவர்களுக்கு ஜெயங்கொண்டம் வழி. மதியம் நடை சாத்தியிருக்கும். வெயிலில் கல்தரையில் கால் வைக்க முடியாது என்பதால், காலையிலோ மாலையிலோ போவது நல்லது. ஆடித் திருவாதிரை, ராஜேந்திரனின் பிறந்தநாள் விழா.

இரண்டு கோயில்களையும் ஒரே நாளில் பார்க்க முடியும். காலையில் அப்பாவின் கோயில், மாலையில் மகனின் கோயில் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். விமானத்தின் வளைவு மாலை வெயிலில்தான் அழகு!