ஒரு தந்திக்கு மூன்று சுரங்கள்

கழக்கூட்டத்தின் டெக்னோபார்க் 1990இல் நிறுவப்பட்டது. அதை நம்பி ஊரைவிட்டு வந்தவர்களுள் நானும் ஒருவன். பகலெல்லாம் கணினியைத் தட்டும் கை, இரவில் எலெக்ட்ரிக் கிதாரை எடுக்கிறது.

தந்திக்கு மூன்றாக, ஆறு தந்திகளில் 18 சுரங்கள். சங்கராபரணம் இரண்டு ஸ்தாயிகளைத் தாண்டி ஏறிவிடும். விரைந்து வாசிக்கையில் தடுமாற்றம் பெரும்பாலும் தந்தி மாறும் இடத்திலேயே நேரிடுகிறது. மூன்று ஒற்றைப்படை அல்லவா? பிக் கீழ், மேல், கீழ் என்று அசைந்தபின், அடுத்த தந்தியை மேல்நோக்கியே தொடங்கவேண்டும். ஆகவே ஒரு தந்தியின் கடைசிச் சுரத்தையும் அடுத்ததன் முதற்சுரத்தையும் மாத்திரம், மெட்ரோனோமை 60இல் வைத்துத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். சலிப்புண்டாகும், அடுத்த அறைக்காரருக்கு இன்னும் அதிகமாக!

மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் சம்பாதிப்பதும் அந்தக் கைதானே. வலி முற்றிலும் நீங்கியபின், முன்னிலும் மெதுவாகத் தொடங்குங்கள்.